கடைசிச் சீட்டு

தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் செய்தான்.

"மாமா, கர்லிங்னா என்னன்னு தெரியுமா?"

"பொம்பளைங்க முடியைச் சுருட்டிவிட்டுக்குவாங்களே, அதுவா?"

"ஐயோ மாமா! அது விளையாட்டு. நம்ம கிளையண்ட் கனடாக்காரன். கால்ல வந்தாலே முதல் பத்து நிமிஷம் அதைப் பத்தித்தான். கடைசிக் கல்லு யாருகிட்ட இருக்கோ அவன்தான் ராஜாங்கறான். எனக்கு ஒண்ணும் புரியலை. நாளைக்கு நான் ஏதாவது பேசணும். ஹெல்ப் பண்ணுங்க."

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவனிடம் பனிக்கட்டி விளையாட்டைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, கனடா போய்விட்டது. சேப்பாக்கம் வந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். நாற்பது மீட்டருக்கு மேல் நீளமான ஐஸ் தளம். ஒரு கோடியில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு கோலம். மறுகோடியிலிருந்து கைப்பிடி வைத்த கருங்கல்லைச் சறுக்கிவிட வேண்டும். கல் லேசுப்பட்டதில்லை. சுமார் 19 கிலோ. நம் வீட்டுக்கு வரும் 25 கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கல் போகும்போது இரண்டு பேர் முன்னால் ஓடி, துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தரையைப் பரபரவென்று தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்கள் நானூறு, ஐந்நூறு வருடமாக ஆடுகிறார்கள். 1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து முழு அந்தஸ்தோடு பதக்க விளையாட்டு.

ஒரு சுற்றுக்கு ஆளுக்கு எட்டுக் கல், மாற்றி மாற்றி விட வேண்டும். பதினாறும் விட்டு முடித்த பிறகு, நடுப்புள்ளிக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிராளிக்கு முட்டை. ஆக, பதினாறாவது கல்லை விடுகிறவன் எதிராளி செய்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விடுகிறான். அவனுக்குப் பிறகு அதைக் கலைக்க ஆள் கிடையாது. இந்தக் கடைசிக் கல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹேமர்'. சுத்தியல்!

இங்கேதான் ஒரு நுணுக்கம். ஒரு சுற்றில் பாயிண்ட் எடுத்துவிட்டால் அடுத்த சுற்றில் சுத்தியல் எதிராளிக்குப் போய்விடும். யாருமே பாயிண்ட் எடுக்கவில்லையென்றால் இருந்தவனிடமே இருக்கும். எனவே கெட்டிக்கார கேப்டன், ஒரே ஒரு பாயிண்ட்தான் கிடைக்கும் என்று தெரிந்தால், வேண்டுமென்றே கடைசிக் கல்லை வீணாக்கிவிடுவான். ஒரு பாயிண்டை விட்டுவிட்டு சுத்தியலைக் கையில் வைத்துக்கொள்வான். அடுத்த சுற்றில் இரண்டு எடுக்கலாமே! கடைசி வாய்ப்புக்கு ஒரு பாயிண்டைவிட மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் பெண்கள் இறுதிப் போட்டி. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் 3-3. கடைசிச் சுற்றின் கடைசிக் கல் பிரிட்டன் கேப்டன் ரோனா மார்ட்டின் கையில். ஸ்காட்லாந்துக் குடும்பத்தலைவி. சறுக்கிவிட்டார். ஸ்விஸ் கல்லைத் தட்டி விலக்கிவிட்டு, அவர் கல் நடுவில் போய் உட்கார்ந்தது. தங்கம்! இதே கல் ஸ்விஸ் கேப்டன் கையில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஏலச்சீட்டு.

சிரிக்காதீர்கள். சீட்டுப் பிடிப்பவரிடம் இருபது பேர் சேருகிறார்கள். அவசரம் உள்ளவர் முதல் மாதமே தள்ளி எடுப்பார். அவருக்குக் கிடைப்பது குறைவு. கடைசி மாதம்வரை பொறுமையாக இருப்பவருக்குத் தள்ளுபடியே கிடையாது. கமிஷன் போக முழுத் தொகை. கடைசிச் சீட்டுதான் கொழுத்த சீட்டு. ஆனால் அதில் ஒரு ரிஸ்க் இருக்கிறது. கடைசி மாதம் வருவதற்குள் சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே ஓடிவிட்டால்? கோவிந்தா!

டெஸ்ட் கிரிக்கெட்டின் நாலாவது இன்னிங்ஸ் இந்தக் கடைசிச் சீட்டேதான். நமக்கு எத்தனை ரன் வேண்டும், எத்தனை ஓவர் இருக்கிறது... எல்லாம் கையில் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தமாதிரி தெரியும். முதலில் ஆடுபவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கர்லிங் கணக்குப்படி பார்த்தால், டாஸில் ஜெயித்தவன் "நீங்க முதல்ல ஆடுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லையே, ஏன்?

ஆடுகளம் ஓடிவிடுகிறது, அதனால்தான். ஐஸ் தளத்தில் ஒரு சுற்று முடிய அரைமணி நேரம்கூட ஆகாது. சேப்பாக்கத்தில் கடைசி இன்னிங்ஸ் வரும்போது களிமண் தரை நான்கு நாள் வெயிலில் காய்ந்து, பௌலர்களின் ஷூ மிதித்து, வெடித்துக் கிடக்கும். ஸ்பின்னருக்கு விருந்து. இன்னிங்ஸ் தொடங்கும் முன் பேட்டிங் கேப்டன் கேட்டால் ஏழு நிமிஷம் ரோலர் ஓட்டித் தருவார்கள். கர்லிங்கில் துடைப்பம், இங்கே ரோலர். வித்தியாசம் என்னவென்றால், துடைப்பம் ஒவ்வொரு கல்லுக்கும் கூடவே ஓடும். ரோலர் ஓட்டிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் உங்கள் சாமர்த்தியம்.

ஆக, சேப்பாக்கத்தில் கடைசி வாய்ப்பு என்பது எதிராளி வேண்டாம் என்று உங்கள் தலையில் கட்டும் சொத்து. அதற்கு அவன் ஒரு விலையும் வைக்கிறான். 1986, 1999, 2001, 2008. இந்த நாலு டெஸ்டிலும் டாஸ் வென்றது விருந்தாளிகள். நாலிலும் முதலில் பேட்டிங் எடுத்துக்கொண்டு கடைசி இன்னிங்ஸை நம்மிடம் தள்ளினார்கள். நடந்தது? ஒரு டை, ஒரு தோல்வி, இரண்டு வெற்றி.

முதலில் 1986. செப்டம்பர் மாதம், சென்னைப் புழுக்கம். ஆலன் பார்டரின் ஆஸ்திரேலிய அணி 7 விக்கெட்டுக்கு 574 ரன் குவித்தது. டீன் ஜோன்ஸ் 210. வாந்தியெடுத்துக்கொண்டே ஆடினார் மனுஷன். ஆட்டமிழந்த பிறகு நேராக ஆஸ்பத்திரி, குளுக்கோஸ் பாட்டில். இந்தியா 397. அதுவும் கேப்டன் கபில்தேவ் 119 அடித்ததால். ஆஸ்திரேலியா மறுபடி ஆடி 5 விக்கெட்டுக்கு 170. நாலாம் நாள் ஆட்டம் முடிந்தது.

அன்று ராத்திரி பார்டர் ஒரு விலையை முடிவு செய்ய வேண்டியிருந்தது. காலையில் இன்னும் ஒரு மணி நேரம் ஆடினால் ஆஸ்திரேலியா தோற்கவே முடியாது. ஆனால் ஜெயிக்கவும் முடியாது. கடையைச் சாத்திவிட்டுப் போவது மாதிரி. அவர் அப்படிச் செய்யவில்லை. ஐந்தாம் நாள் காலை டிக்ளேர்! இந்தியாவுக்கு 348 ரன், குறைந்தபட்சம் 87 ஓவர். வாங்குபவனுக்கு ஆசை வர வேண்டும், ஆனால் கட்டுபடியாகக்கூடாது. வியாபாரிகள் போடும் அதே கணக்கு.

ஆசை வந்தது. ஸ்ரீகாந்த் வழக்கம்போல வெளுத்துவிட்டு 39-ல் போனார். கவாஸ்கர் 90. தேநீர் இடைவேளையில் 2 விக்கெட்டுக்கு 190. மிச்சம் 30 ஓவரில் 158. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு டி20. அன்று மலை.

ஒரு முனையில் கிரெக் மாத்யூஸ். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து போட்ட ஒரே ஆசாமி அவராகத்தான் இருக்கும். அந்த இன்னிங்ஸில் மட்டும் 39 ஓவர் 5 பந்து வீசினார். இன்னொரு பக்கம் ரே பிரைட். ஆளுக்கு ஐந்து விக்கெட். 331-ல் ஏழாவது விக்கெட், 334-ல் எட்டாவது, 344-ல் ஒன்பதாவது. வெற்றிக்கு 4 ரன். கடைசி ஓவர். பந்து மாத்யூஸிடம், மட்டை ரவி சாஸ்திரியிடம். மறுமுனையில் பதினோராவது ஆட்டக்காரர் மணீந்தர் சிங். அவர் பேட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பந்து, ரன் இல்லை. இரண்டாவது பந்தில் இரண்டு ரன். இன்னும் இரண்டு வேண்டும், பந்து நான்கு இருக்கிறது. மூன்றாவது பந்தைத் தட்டினார் சாஸ்திரி. ஒரு ரன். ஓடினார்.

அந்த ஒரு ரன்னைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்ப்போம். ஓடியதால் ஸ்கோர் சமம். இனி இந்தியா தோற்காது. ஆனால் ஆடும் முனை மணீந்தருக்குப் போய்விட்டது. ஓடாமல் நின்றிருந்தால்? 47 ரன்னோடு நன்றாகக் கண் பழகிப்போன சாஸ்திரியின் கையில் மூன்று பந்து இருந்திருக்கும். ஜெயித்திருக்கலாம். அவர் அவுட்டாகியிருந்தால் ஒரு ரன்னில் தோல்வி. கர்லிங்கில் கடைசிச் சுற்றில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருப்பவன் கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பானே, அதே யோசனை. பத்திரமாக ஒன்று எடுத்துச் சமன் செய்வதா, துணிந்து இரண்டுக்குப் போவதா? அவனுக்காவது சமன் செய்தால் கூடுதல் சுற்று உண்டு. டெஸ்டில் அதுவும் கிடையாது.

தோல்வி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன் என்று சாஸ்திரி பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். என் கட்சியும் அதுதான். பி.காம். புத்தி! முதலை முதலில் பத்திரப்படுத்து, லாபத்தைப் பிறகு பார். நண்பர்கள் பலர் இதற்காக என்னைக் கோழை என்று திட்டியிருக்கிறார்கள்.

நாலாவது பந்தை மணீந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் கத்திய வேகத்தில் அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்துவிட்டது. எல்.பி.டபிள்யூ! பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் பின்னாலும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியா 347. ஒரு பந்து மிச்சம். டெஸ்ட் சரித்திரத்தில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இரண்டாவது டை. அந்த முதல் டையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய பாப் சிம்சன், சேப்பாக்கத்தில் அதே அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். கொடுத்துவைத்தவர்.

பார்டர் வைத்த விலை 348. கையிலிருந்தது 347. இதைவிடத் துல்லியமாக யாராவது விலை வைக்க முடியுமா?

அடுத்தது 1999 ஜனவரி. நான் பி.காம். கடைசி வருடம். பாகிஸ்தான் அணி பன்னிரண்டு வருடம் கழித்து இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. இந்தமுறை விலையை நிர்ணயித்தது எதிரணி கேப்டன் வாசிம் அக்ரம் அல்ல, நம் வெங்கடேஷ் பிரசாத். ஷாகித் அஃப்ரிடி 141 அடித்து, பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275 என்று ஓடிக்கொண்டிருந்தது. பிரசாத் பந்தை வாங்கினார், ரன்னே கொடுக்காமல் ஐந்து விக்கெட். 286-க்கு எல்லாரும் காலி. நானூறு கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நமக்குக் கிடைத்த இலக்கு 271. அடிமாட்டு விலை.

அதையும் கட்ட முடியவில்லை. 82-க்கு 5 விக்கெட். முதுகுவலியோடு சச்சின் ஒரு முனையில் நின்றார். நயன் மோங்கியா 52 எடுத்துத் துணை நின்றார். சச்சின் 136-ல் இருக்கும்போது வேண்டியது 17 ரன், கையில் நாலு விக்கெட். சக்லைன் பந்தைத் தூக்கினார். மேலே போன பந்து அக்ரம் கையில் விழுந்தது. அதன்பிறகு? மூன்று விக்கெட், நாலே ரன். 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. எங்கள் ஹாஸ்டல் டி.வி. ரூமில் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

1986-ல் சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஒதுங்கினார் என்று திட்டினவர்கள், 1999-ல் சச்சின் ஏன் அடிக்கப் போனார் என்று திட்டினார்கள். கடைசிக் கல்லைக் கையில் வைத்திருப்பவனுக்கு இது ஒரு சாபம். பதினைந்து கல்லும் யார் போட்டார்கள் என்று எவனும் கேட்பதில்லை.

ஆனால் அன்று சேப்பாக்கத்து ஜனங்கள் செய்ததைச் சொல்லாமல் போகக்கூடாது. ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. தோற்ற சோகத்தோடு தட்டிய கை. எத்தனை ஊருக்கு இது வரும்?

2001 ஆஸ்திரேலியா டெஸ்டை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஹர்பஜன் பதினைந்து விக்கெட் எடுத்துப் போட்டும், வெறும் 155 ரன் எடுக்க எட்டு விக்கெட்டைக் கொடுத்தோம். கடைசி ரன்களையும் ஹர்பஜனே அடிக்க வேண்டியிருந்தது. சேப்பாக்கத்தில் கடைசி இன்னிங்ஸில் ஜெயிக்க எடுத்த அதிகபட்ச ரன் அன்றுவரை அதுதான். 155!

இந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு 2008 டிசம்பருக்கு வாருங்கள். மும்பையில் நவம்பர் 26 தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்குத் திரும்பிய இங்கிலாந்து அணி, மறுபடி வந்தது. ஆமதாபாத்தில் நடக்க வேண்டிய டெஸ்ட் சென்னைக்கு மாறியது. துப்பாக்கி பிடித்த போலீஸுக்கு நடுவில் கிரிக்கெட்.

ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். நாலாம் நாள் பிற்பகல் கேப்டன் கெவின் பீட்டர்சன் 9 விக்கெட்டுக்கு 311-ல் டிக்ளேர் செய்து விலையை எழுதி மாட்டினார். 387 ரன், 126 ஓவர். சேப்பாக்கத்தில் 155-க்கு மேல் யாரும் கட்டியதில்லை. இந்திய மண்ணிலேயே எடுத்துப் பார்த்தால் 1987-ல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகள் எடுத்த 276-தான் உச்சம். பீட்டர்சன் மேல் தப்பே இல்லை. பழைய ரசீதுகளைப் பார்த்து நியாயமாகத்தான் விலை வைத்தார்.

வாங்க வந்தவர் சேவாக். அவர் எந்தக் காலத்தில் ரசீது பார்த்தார்? அன்று சாயங்காலமே 68 பந்தில் 83. ஆட்டம் முடியும்போது 1 விக்கெட்டுக்கு 131. ஒரே சாயங்காலத்தில் விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! மறுநாள் வேண்டியது 256. நாள் முழுக்க நேரம் இருந்தது. ஓவர் தாராளமாக இருந்ததால் அவசரமே இல்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையில்லாத கல்லைப் போகவிடும் கர்லிங் கேப்டன் மாதிரி ஆடினார் சச்சின். 1999-ல் தூக்கியடித்த அதே மைதானத்தில், ஒன்று ஒன்றாக, இரண்டு இரண்டாக. எதிர்ப்பக்கம் யுவராஜ் 85. கடைசியில் ஸ்வானின் பந்தை மடித்து நாலுக்குத் தட்டினார் சச்சின். அந்த நாலில் அவருக்கு சதம், அணிக்கு வெற்றி. 4 விக்கெட்டுக்கு 387. சதத்தைத் தன் ஊரான மும்பை மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார்.

வேளச்சேரிவரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. தரமணியில் ஏறினால் சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நேராக மைதானம். அன்றைக்குத் தரமணி ஆபீஸ்களில் எத்தனை பாட்டிமார்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதோ!

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. மறுநாள் ராத்திரி அவனே போன் செய்தான்.

"மாமா, 1986 மேட்சைச் சொன்னேன். ரொம்ப ஆர்வமா கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"அஞ்சு நாள் ஆடினீங்களான்னு கேட்டான். ஆமான்னேன். கடைசி ஓவர் வரைக்குமான்னு கேட்டான். ஆமான்னேன். அப்ப யார் ஜெயிச்சாங்கன்னான். யாரும் இல்லைன்னேன்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் லைன்ல சத்தமே இல்லை மாமா. கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்."